சாவு வாசிக்கிற பிள்ளை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் சட்டென்று வரும். ராஜபாளையத்தில் ஒரு கேபிள் சேனல் ஆபீஸில் விளம்பர மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள், உங்களுக்கும் வரும். பிறந்தநாள், காதுகுத்து, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் போட்டோவோடு என் மேஜைக்குத்தான் வர வேண்டும். கல்யாண வீட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே வந்து சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். சாவு விழுந்த துட்டி வீட்டுக்காரர்கள்தான் சண்டைக்கு நிற்பார்கள். எந்த மருமகன் பேர் முன்னால் வரும், பட்டாளத்தில் இருக்கிற மகனுடைய பதவியைப் போட்டீர்களா, போலீஸ் பேரன் பேர் எங்கே என்று கேட்பார்கள். பிணம் வீட்டில் கிடக்கும், இங்கே என் மேஜையைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். என் பேர் சம்சாத் பேகம். நானும் திருப்பித் தட்டுவேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது என் கதை இல்லை. எங்களிடம் அப்ரண்டிஸாக வந்த வெங்கடேஸ்வரியின் கதை. அந்தப் பேரைச் சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது. 'சாவு வாசிக்கிற பிள்ளை' என்று சொல்லுங்கள், சேத்தூரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் எந்த வீட்டிலும் தலையாட்டுவார்கள்.

அவள் சேத்தூர்க்காரி. அப்பா கண்ணுச்சாமி பட்டாளத்தில் இருந்து ஓய்வாகி வந்து வயல் பார்க்கிறவர். அண்ணன் பாண்டிச்செல்வம் போலீஸ். அம்மா இவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே போய்விட்டாள். கிருஷ்ணன்கோவிலுக்குக் காலேஜ் பஸ்ஸில் போய்ப் படித்த பிள்ளைக்கு ஒரே ஒரு ஆசைதான். ரேடியோ. மதுரையில் ஒரு எஃப்.எம். ஸ்டேஷனில் காலை நேரத்தில் கலகலவென்று பேசி ஊரை எழுப்ப வேண்டும். அங்கே போவதற்கு ஒரு வருஷமாவது புரொடக்‌ஷன் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் எங்கள் படியேறி வந்தாள்.

வந்த அன்று அப்பாதான் பைக்கில் கொண்டுவந்து விட்டார். சட்டையை விறைப்பாக இஸ்திரி போட்டு, முதலாளி முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"அண்ணாச்சி, ஒரு வருசம் ஒங்ககிட்ட விடுதேன். பொறவு எம் மக மதுரைக்குப் போயிருவா."

"தாராளமாப் போகட்டும். தொழிலைக் கத்துக்கிட்டுப் போகட்டும்," என்றார் எங்கள் முதலாளி ஆண்டிச்சாமி அண்ணாச்சி. அவர் யாரிடமும் குரலை உயர்த்தாத மனுஷன். கத்துகிறவர்களை நான் சமாளித்துவிடுவேன், இந்த மாதிரி ஆட்களிடம்தான் எனக்குப் பயம்.

அப்ரண்டிஸ் என்றால் என்ன வேலை என்று கேட்காதீர்கள். என்ன வேலை இல்லை என்று கேளுங்கள். கேமராவுக்குப் பின்னால் கேபிளைச் சுருட்டுவது, பின்னணிக்குப் பச்சைத் துணியை இழுத்துக் கட்டுவது, பேட்டிக்கு வருகிறவர் சட்டையில் மைக்கைக் குத்துவது, எடிட்டிங்கில் இம்ரானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துண்டு துண்டாகப் படத்தை ஒட்டுவது எல்லாம் அவள்தான். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே செய்தாள். அவள் சிரித்தால் ஆபீஸே அதிரும். இம்ரான் எழுந்து போய்க் கதவைச் சாத்துவான். "அக்கா, இவ சிரிப்பு என் ஆடியோவுல விழுது," என்று என்னிடம் புகார் வேறு.

இப்போது எங்கள் கேபினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது முன்னால் சாமான் போட்டு வைத்திருந்த அறை. சுவர் முழுக்க மெத்தைப் பஞ்சை ஒட்டி, ஒரு மைக்கை மாட்டி, அதற்கு ரெக்கார்டிங் கேபின் என்று பேர் வைத்திருந்தார்கள். ஃபேன் ஓடினால் சத்தம் பதியும், அதனால் ஃபேன் கிடையாது. கதவு தானாக மூடி நிற்காது, அதனால் வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட வேண்டும். உள்ளே வாசித்து முடித்தவர் கதவைத் தட்டினால் நான் எழுந்து போய்த் திறந்துவிடுவேன்.

எங்கள் சேனலுக்குக் குரல் என்றால் மாரீஸ்வரன்தான். ஆடி மாதத் தள்ளுபடியானாலும் சரி, அஞ்சலியானாலும் சரி, ஒரே தொண்டையில் முழங்குவான். ஒருநாள் அவன் மச்சான் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது ஒரு பெரிய வீட்டுச் சாவு வந்துவிட்டது. வாசிக்க ஆள் இல்லை. அண்ணாச்சி சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஏம்மா ஈஸ்வரி, நீ வாசிச்சிரேன்," என்றார். அவளும் வாய்ப்பு வந்துவிட்டது என்று துள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நான் தாழ்ப்பாள் போட்டேன்.

அவள் வாசித்ததை அன்று நான் வெளியில் ஸ்பீக்கரில் கேட்டேன். அல்லா சாட்சியாகச் சொல்கிறேன், என் அத்தாவை மையத்தாகக் கிடத்தியிருந்த நாள் ஞாபகம் வந்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழுகை ஒன்றும் இல்லை அதில். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிற மாதிரி இருந்தது. இறந்தவர் பேரைச் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு நின்று, பிறகு சொல்வாள். அந்தப் பெரிய வீட்டு மகன் மறுநாளே போன் பண்ணி, "எங்க அம்மாவுக்கு நீங்க செஞ்சதுதான்யா மரியாதை," என்று அழுதார். அதற்கடுத்த துட்டிக்கு வந்தவர் என் மேஜையில் கையை ஊன்றி, "அந்தப் பிள்ளைதான் வாசிக்கணும், இல்லன்னா வேண்டாம்," என்றார். அவ்வளவுதான், பிள்ளை மாட்டிக்கொண்டாள்.

சாவுக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா, பொங்கல் உண்டா? அவள் சேத்தூரில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சியின் போன் போய்விடும். "ஒரு துட்டிம்மா, செத்த நேரம் வந்துட்டுப் போயிரு." வருவாள், கேபினுக்குள் போவாள், வியர்த்து ஊற்றிக்கொண்டு வெளியே வருவாள். கேமராப் பக்கமே விடவில்லை. எடிட்டிங் கற்றுக்கொள்ள உட்கார்ந்தால் பாதியில் கூப்பிட்டு விடுவார்கள். எங்கள் சேனலைப் பார்த்து எதிர் சேனல்காரன் ஒரு பொம்பிளைப் பிள்ளையை வைத்து அஞ்சலி வாசிக்க வைத்தான். சனங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணாச்சிக்கு அதில் ஒரே பூரிப்பு.

கண்ணுச்சாமி அண்ணனுக்கும் பூரிப்பு, அதையும் சொல்ல வேண்டும். சாயங்காலம் வயலில் இருந்து வந்ததும் டிவியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாராம். செத்தவர் யாரென்று தெரியாது. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, "எம் மக வாசிக்கா, கேளுங்க," என்பாராம். ஈஸ்வரி என்னிடம் இதைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு குறைய ஆரம்பித்தது.

காரணம் பஸ். தினமும் சேத்தூரிலிருந்து வருகிற பஸ்ஸில் ஒருநாள், "அம்மா, கொஞ்சம் தள்ளி உட்காருங்க," என்று பக்கத்தில் இருந்த கிழவியிடம் சொல்லியிருக்கிறாள். கிழவி திடுக்கிட்டு நெஞ்சில் கை வைத்து, "ஏ ஆத்தா, நீயா! வெள்ளென ஒங்குரலைக் கேக்கணும்னு எந்தலையில எழுதியிருக்கே," என்று எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாளாம். பஸ்ஸே திரும்பிப் பார்த்திருக்கிறது. அதிலிருந்து பஸ்ஸில் வாயே திறக்க மாட்டாள். கண்டக்டரிடம் சில்லறையை நீட்டி, கையால் ஊரைக் காட்டுவாள். கடையில் போய் சாமானைத் தொட்டுக் காட்டுவாள். பேசியே பிழைக்கப் போகிறேன் என்று வந்த பிள்ளை ஊமை மாதிரி திரிந்தாள்.

"வேலையை விட்டுப் போயேன்டி," என்றேன் ஒருநாள்.

"அப்பா விட மாட்டாரு அக்கா. ஒரு வருசம்னு வாக்குக் குடுத்திருக்கோம், பாதியில ஓடி வந்தா பட்டாளத்துல என்ன பேரு சொல்லுவாக தெரியுமான்னு கேக்காரு. அதுபோக, முடிச்சாத்தான அக்கா சர்டிபிகேட்டு? அது இல்லாம மதுரையில உள்ளயே விட மாட்டாகளே."

அப்புறம்தான் அந்தச் சடங்கு வீட்டுக் கூத்து. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெரிய மண்டபத்தில் வயசுக்கு வந்த ஒரு பிள்ளைக்குச் சடங்கு. தாய்மாமன் சுந்தரபாண்டியத்துக்காரர், வாழ்த்துக்குப் போட்டோ, பாட்டு எல்லாம் பார்த்துப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கென்று மாரீஸ்வரனுக்குக் காய்ச்சல், தொண்டை கட்டிவிட்டது. அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. கேபினில் ஏற்கெனவே உட்கார்ந்து ஒரு அஞ்சலியை வாசித்துக்கொண்டிருந்த ஈஸ்வரியிடமே வாழ்த்தையும் கொடுத்துவிட்டார். அவளுக்கு என்ன சந்தோஷம்! எத்தனை மாதம் கழித்து ஒரு நல்ல காரியம். நன்றாகத்தான் வாசித்தாள்.

மறுநாள் வேன் வைத்து வந்துவிட்டார்கள். தாய்மாமனோடு ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம்.

"மண்டபத்துல எல்லாரும் பாக்கணும்னு பெரிய டிவி வச்சிருந்தோம்யா! இந்தப் பிள்ளை வாயத் தொறந்ததும் எங்கம்மா மயங்கி விழுந்துட்டா. மஞ்சத்தண்ணி ஊத்துற அன்னைக்கு எங்க பிள்ளைக்குச் சாவு மணி அடிக்கீகளா?"

"வாழ்த்துத்தானே சொன்னா, திட்டியா விட்டா?" என்று நானும் மேஜையைத் தட்டினேன். கூட்டத்தில் ஒரு அம்மா என்னைப் பார்த்து, "ஒங்க வீட்டு நிக்காவுக்கு இந்தக் குரலைப் போடுவீகளா?" என்று கேட்டாள். நான் மேஜையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். ஏனென்றால் போட மாட்டேன், அதுதான் உண்மை.

நான் வெளியில் தாழ்ப்பாள் போட்டிருந்த கேபினுக்குள் ஈஸ்வரி இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவர்கள் போகிற வரைக்கும் தட்டவே இல்லை. நான் திறந்தபோது மைக்கைப் பார்த்து அப்படியே நின்றாள்.

அன்றிலிருந்து அண்ணாச்சி ஒரு சட்டம் போட்டார். ஈஸ்வரி குரல் அஞ்சலிக்கு மட்டும். ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் நேரடி ஒளிபரப்பு. பாதி நேரம் வர்ணனை நீ பண்ணு என்று அவளிடம் ஆசை காட்டியிருந்தவர், அதையும் இல்லை என்றார். தேர் அன்றைக்கு ரத வீதியில் அவளுக்குக் கிடைத்தது கேபிள் சுருட்டுகிற வேலை. மேடையில் மாரீஸ்வரன் மைக்கைப் பிடித்து முழங்குகிறான். இவள் கூட்டத்துக்குள் குனிந்து குனிந்து, சனங்கள் வயரை மிதிக்காமல் பார்த்துக்கொண்டு திரிகிறாள். ஒரு பொம்பிளை வடம் தொடுகிற அவசரத்தில் வயரில் கால் தடுக்கி விழப் போனாள். இவள் பதறி, "அக்கா, பாத்து!" என்று கத்திவிட்டாள். அந்தப் பொம்பிளை நிமிர்ந்து பார்த்து, இடுப்பில் இருந்த பிள்ளையின் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு போனாள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஆவணி பிறந்ததும், வருஷம் முடிவதற்கு முன்பே, மதுரை எஃப்.எம். ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். குரல் பரிசோதனைக்கு வரச் சொல்லி. துணைக்கு நான் போனேன். பஸ் டி.கல்லுப்பட்டி தாண்டினதும்தான் அவள் வாயைத் திறந்தாள். அதற்கு அப்பால் எங்கள் கேபிள் போகாதில்லையா! மதுரை வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். ஜன்னலில் பார்த்த பெயர்ப் பலகையை எல்லாம் ரேடியோக்காரி மாதிரி படித்து, என்னைச் சிரிக்க வைத்துக்கொண்டே வந்தாள்.

அங்கே ஜெபின் என்று ஒரு பையன்தான் புரொட்யூசர். நல்ல பையன். கண்ணாடி அறைக்குள் அவளை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, ஒரு பிறந்தநாள் வாழ்த்தைக் கொடுத்தான். யாரோ ஒரு சின்னப் பிள்ளைக்கு மூன்றாவது பிறந்தநாள். ஈஸ்வரி தண்ணீர் குடித்தாள், சிரித்தாள், ஆரம்பித்தாள். குழந்தை பேர் வருகிற இடம் வந்தது. ஒரு மூச்சு நின்றது. பிறகு பேரைச் சொன்னாள்.

ஜெபின் ஹெட்போனைக் கழற்றிவிட்டான். என்னைப் பார்த்து, "ஏங்க, அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டான். கிண்டலாகத்தான் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பேருக்கு முன்னால் அவள் தொண்டை தானாக நின்றது. அவள் முகத்தில் சிரிப்பு இருக்கிறது, குரலில் துட்டி இருக்கிறது. வெளியே வந்ததும் ஜெபின் பக்குவமாகச் சொன்னான்.

"வாய்ஸ் ரொம்ப அருமை. பொய் சொல்லலை. ஆனா அதுக்குள்ள ஒண்ணு போய் உட்கார்ந்திருக்கு. கொஞ்ச நாளைக்கு அஞ்சலி வாசிக்கிறதை விட்டுட்டு வாங்க. கார்த்திகை வரைக்கும் இந்த இடத்தை நான் யாருக்கும் குடுக்கலை."

திரும்பி வருகிறபோது கல்லுப்பட்டி தாண்டியதும் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் அவள் அண்ணாச்சியிடம் போய் நின்றாள். பின்னால் நானும் நின்றேன், தேவைப்பட்டால் கத்தலாம் என்று.

"அண்ணாச்சி, இனிமே அஞ்சலி வாசிக்கலை. வேற என்ன வேலை வேணாலும் குடுங்க. கேபிள் சுருட்டுதேன், ராத்திரி பகலா எடிட் பண்ணுதேன். வருசம் முடியுற வரைக்கும் இருப்பேன்."

அண்ணாச்சி தலையாட்டினார். "சரிம்மா. நீ வாசிக்க வேண்டாம்," என்றார்.

அவ்வளவு சுலபமாகக் கதவு திறக்கும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. ஈஸ்வரி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அன்று முழுக்க எடிட்டிங் அறையிலிருந்து பழைய சிரிப்பு கேட்டது. இம்ரான் கதவைச் சாத்தவில்லை. அவன் அவள் முகத்தையே பார்க்கவில்லை என்பதை நான் பிறகுதான் யோசித்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு துட்டி வந்தது. நான் பேர்களை எழுதி வாங்கி உள்ளே அனுப்பினேன். மாரீஸ்வரன் வாசிப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாரீஸ்வரன் டீ குடித்துக்கொண்டிருந்தான். கேபின் கதவு திறந்தே கிடந்தது, உள்ளே யாரும் இல்லை. ஆனால் ஸ்பீக்கரில் ஈஸ்வரி வாசித்துக்கொண்டிருந்தாள்.

ஈஸ்வரி என் எதிரே நின்றுகொண்டிருந்தாள். கையில் கேபிள் சுருள். வாய் மூடியிருந்தது.

அவள் இத்தனை மாதமாக வாசித்ததை எல்லாம் இம்ரான் கம்ப்யூட்டருக்குள் போட்டிருக்கிறான். இப்போது எந்தப் பேரை அடித்தாலும் அது அவள் குரலில் வாசிக்கிறது. அண்ணாச்சி சொல்லித்தான் செய்தேன் அக்கா என்று தலையைக் குனிந்தான். அவனை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

"இது என் குரல் அண்ணாச்சி," என்றாள் ஈஸ்வரி.

"யாரு இல்லன்னா? நீ இங்க வந்து படிச்சது, இங்க பேசினது. நீ வாசிக்க மாட்டேன்னே, சரின்னேன். நீ வாசிக்கலையே இப்ப?" குரல் உயரவே இல்லை.

"நான் வாசிக்காட்டியும் நான் வாசிச்ச மாதிரித்தானே இருக்கு. ஊருக்கு எப்படித் தெரியும்?"

"ஊருக்கு எதுக்குத் தெரியணும்?" என்றார்.

அதற்குப் பிறகு துட்டிக்கு ஓய்வே இல்லை. மனுஷி வாசித்தபோதாவது மூச்சு வாங்குவாள், தண்ணீர் குடிப்பாள். இது ஒரு நாளைக்கு எத்தனை வந்தாலும் வாசிக்கும். இந்தப் பிள்ளை ஆபீஸில் உட்கார்ந்தால் அவள் குரல், டீக்கடை முன்னால் போனால் அவள் குரல், வீட்டுக்குப் போனால் அப்பா வைத்த டிவியில் அவள் குரல். மறக்க வேண்டிய ஒன்றை நாள் முழுக்கக் காதில் ஊற்றிக்கொண்டே இருந்தால் எப்படி மறப்பது? மத்தியானம் கேபினுக்குள் போய், தாழ்ப்பாள் போடச் சொல்லி, பிறந்தநாள் வாழ்த்தாக வாசித்துப் பழகுவாள். நான் வெளியில் நின்று கேட்பேன். சில நாள் நன்றாக வரும். சில நாள் அந்த மூச்சு வந்து நின்றுவிடும். அன்றைக்குத் தட்டவே மாட்டாள், நானாகத் திறப்பேன்.

ஒருநாள் காலையில் கண்ணுச்சாமி அண்ணன் வந்து நின்றார். அதே இஸ்திரிச் சட்டை.

"தங்கச்சி, நேத்து டிவியில வாசிச்சது எம் மக இல்ல," என்றார் என்னிடம். "அவ பேரைச் சொல்லுததுக்கு முன்னால ஒரு மூச்சு நிப்பா. அந்த ஆளை நெனைச்சுப் பாக்க மாதிரி. இது நிக்கலை. கடகடன்னு போகுது. அவகிட்ட கேட்டேன், அழுதுட்டா."

ஊரில் ஒருத்தருக்கும் தெரியாதது இந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. நேரே அண்ணாச்சி அறைக்குள் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி டீ வரவழைத்தார், சிரித்தார், தோளைத் தட்டினார். எதிரிக்கு முன்னால் துப்பாக்கி தூக்கி நின்ற மனுஷன், சிரித்துப் பேசுகிற ஒரு ஆளுக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் டீயைக் குடித்து முடித்துவிட்டு வெளியே வந்தார்.

"நான் என்னத்தைச் சொன்னாலும் சரி சரின்னுதான் சொல்லுதாரு தங்கச்சி. ஆனா ஒண்ணும் நடக்காது போலயே." பிறகு மகளிடம் போய்ச் சொன்னார், "தாயி, வருசமாவது மண்ணாவது. நீ மதுரைக்குக் கெளம்பு. நான் தப்பாச் சொல்லிட்டேன்." ஈஸ்வரி கார்த்திகை முதல் வாரத்தில் வருகிறேன் என்று ஜெபினுக்குச் சொல்லிவிட்டாள். சர்டிபிகேட் இல்லாமலே பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பையனும் சொல்லிவிட்டான்.

ஐப்பசி மழையில் வயலில் தண்ணீர் திறந்துவிடப் போன இடத்தில் கண்ணுச்சாமி அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

நான் ஆபீஸ் திறந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஈஸ்வரியே வந்தாள். அவள் அண்ணன் வரவில்லை, இவள்தான் வந்தாள். தலை முடியவில்லை, சேற்றுக் காலோடு வந்திருந்தாள். கையில் பட்டாள உடுப்பில் இருக்கிற அப்பா போட்டோ. என் மேஜையில் வைத்தாள்.

"அக்கா, இதை நான்தான் வாசிப்பேன். அது வாசிக்கக் கூடாது."

நான் எழுந்து கேபின் கதவைத் திறந்தேன். அண்ணாச்சி அறையை விட்டு வந்து, "பாவம், வாசிக்கட்டும்," என்றார். உள்ளே போனாள். அன்றைக்கு நான் தாழ்ப்பாள் போடவில்லை, கதவைக் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

'சேத்தூரைச் சேர்ந்த' என்று ஆரம்பித்தாள். பேருக்கு முன்னால் நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். பிறகு பேரைச் சொன்னாள். சொன்னதும் உடைந்துவிட்டது. இறுதி ஊர்வலம் புறப்படுகிற நேரத்தை அழுதுகொண்டே சொன்னாள். இப்படிக்கு என்று அண்ணன் பேரைச் சொல்லி, தன் பேரைச் சொல்ல முடியாமல் 'அப்பா' என்றாள். அவ்வளவுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் நண்பன் பைக்கில் ஏறிப் போய்விட்டாள்.

இத்தனை வருஷத்தில் எங்கள் சேனலில் பதிந்ததில் உண்மையானது அது ஒன்றுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அண்ணாச்சி அதை ஒரு தடவை கேட்டார். "இதைப் போட முடியாது இம்ரான். சனங்க பதறிருவாக. பேரு ஒழுங்கா விழலை, நேரம் புரியலை. கம்ப்யூட்டர்லயே போட்டுரு."

"அண்ணாச்சி, பெத்த அப்பனுக்கு அந்தப் பிள்ளை வாசிச்சது!" என்று கத்தினேன். மேஜையைத் தட்டினேன். போட்டோவைப் பிடுங்கிக்கொண்டேன்.

"நல்லா வரணும்னுதானம்மா சொல்லுதேன். அவ அப்பாவுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்றார். இம்ரான் அந்தப் போட்டோவை முன்பே ஏற்றி வைத்திருந்தான்.

அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று நான் சேத்தூர் பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். போன் எடுக்க எந்தத் துட்டி வீட்டில் ஆள் இருக்கும்? நான் போய்ச் சேருவதற்குள் மதியச் செய்தி முடிந்து அஞ்சலி போடுகிற நேரமாகிவிட்டது. பந்தலில் கூட்டம். ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஈஸ்வரி தலைமாட்டில் இருந்தாள். டிவியில் போடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளை நெருங்குவதற்குள் ஆரம்பித்துவிட்டது. 'சேத்தூரைச் சேர்ந்த முன்னாள் ராணுவ வீரர் திரு. கண்ணுச்சாமி அவர்கள்' என்று கடகடவென்று போனது. எங்கேயும் நிற்கவில்லை. பேர், நேரம், இடம் எல்லாம் சுத்தமாக விழுந்தது. இப்படிக்கு, மகன் பாண்டிச்செல்வம், காவல்துறை. மகள் வெங்கடேஸ்வரி. தன் பேரையும் அது நன்றாகவே சொன்னது.

ஈஸ்வரி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எதிரே இருந்தது கண்ணுச்சாமி அண்ணனின் தங்கச்சி வெள்ளைத்தாய், ஈஸ்வரிக்கு அத்தை. மாரில் அடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு மருமகளையே பார்த்தாள்.

"ஏட்டி, பெத்த அப்பன்டி! ஊரான் சாவை வாசிக்க மாதிரி வாசிச்சிட்டு வந்து உக்காந்திருக்கியே. ஒரு எடத்துலயாவது ஒனக்குத் தொண்டை அடைக்கலையா?"

"அது அவ இல்லம்மா! அவ அழுதுதான் வாசிச்சா, இவங்கதான்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"அவ குரல் எங்களுக்குத் தெரியாதா?" என்றாள் இன்னொருத்தி. சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் ஈஸ்வரியைப் பார்த்தார்கள்.

ஈஸ்வரி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். காலையிலிருந்து அழுததில் தொண்டை கட்டிப்போயிருந்தது, காற்றுதான் வந்தது. பக்கத்து வீட்டு டிவியில் அவள் குரல் அடுத்த சாவுக்குப் போயிருந்தது.